ஓ.ஆர்.எஸ் எப்படி உயிரைக் காப்பாத்துது? ஒரு குடல் செல்லுக்குள்ள போய்ப் பார்ப்போமா?

நேத்து ராத்திரி சாப்பிட்டது ஏதோ ஒத்துக்கல. காலையில இருந்து நாலஞ்சு தடவை பாத்ரூம் போயாச்சு. மெடிக்கல் ஷாப்ல மாத்திரை கேட்டா, கூடவே ஒரு ஓ.ஆர்.எஸ் பாக்கெட்டையும் எடுத்து வைக்கிறாங்க. பிரிச்சுப் பார்த்தா வெள்ளைத் தூள். நாக்குல வெச்சா உப்பும் இனிப்பும் கலந்த ஒரு ருசி. 'இதுக்குப் பதிலா ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சுட்டுப் படுத்துடலாமே'னு தோணுதா?

கொஞ்சம் பொறுங்க. வெறும் தண்ணியால செய்ய முடியாத ஒரு வேலையை அந்தத் தூள் செய்யுது. அது என்னன்னு தெரியணும்னா, உங்க சிறுகுடல்ல இருக்கிற ஒரு செல்லுக்குள்ள போகணும். பொருள்களை உள்ளே கொண்டு வர்றது, அதுக்கு ஆற்றல் தயாரிக்கிறது, பழுதானா புது செல்களை உருவாக்குறது... ஸ்கூல்ல தனித்தனிப் பாடமா படிச்ச இந்த மூணும் அங்கே ஒண்ணாதான் நடக்குது.

தினமும் 8 லிட்டர்!

ஒரு நாள்ல நீங்க குடிக்கிறதும் சாப்பாட்டுல வர்றதுமா சுமார் 2 லிட்டர் நீர் குடலுக்குள் போகுது. அதோடு எச்சில், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர்னு உடம்பே இன்னும் 6, 7 லிட்டரை உள்ளே ஊத்துது. ஆக மொத்தம் 8 லிட்டருக்கு மேல். ஆனா, மலத்தோட வெளியே போறது 100 முதல் 200 மில்லிதான். மீதி எல்லாத்தையும் குடல் செல்கள் திரும்ப உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிடுது.

இந்தக் கணக்கு கொஞ்சம் தவறினா என்ன ஆகும்? அதுதான் வயிற்றுப்போக்கு. காலரா மாதிரி தீவிரமான நோயில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு லிட்டர் வரைகூட நீர் வெளியேறலாம். சில மணி நேரத்துல உயிருக்கே ஆபத்து.

ரெண்டு பேரும் சேர்ந்து வந்தாதான் கதவு திறக்கும்

ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் மெல்லிய சவ்வு ஒண்ணு இருக்கு. அது கொழுப்பால் ஆனது. அதனால உப்பும் சர்க்கரையும் நினைச்ச நேரத்துல உள்ளே நுழைஞ்சுட முடியாது. அதுக்குன்னு சவ்வில் பதிஞ்சிருக்கிற புரதக் கதவுகள் வழியாத்தான் போகணும்.

தண்ணீரை நேரடியா இழுக்கிற பம்ப் எதுவும் நம்ம செல்கள்ல கிடையாது. உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் அதிகமா இருக்கோ, அந்தப் பக்கம் தண்ணீர் போகும். இதைத்தான் 'சவ்வூடு பரவல்'னு படிச்சோம். அதாவது, முதல்ல உப்பு உள்ளே போகணும். அதைப் பின்தொடர்ந்துதான் தண்ணீர் வரும்.

சிறுகுடல் செல்லில் ஒரு ஸ்பெஷல் கதவு உண்டு. பேரு எஸ்.ஜி.எல்.டி-1. இரண்டு சோடியம் அயனிகளும் ஒரு குளுக்கோஸும் சேர்ந்து வந்தாதான் இது திறக்கும். குளுக்கோஸ் இல்லாம வெறும் உப்போ, உப்பு இல்லாம வெறும் குளுக்கோஸோ வந்தா வேலைக்கு ஆகாது. உப்பும் சர்க்கரையும் இப்படிக் கைகோத்துத்தான் உள்ளே போகுதுங்கிற கருத்தை 1960-ல் முன்வைத்தவர், அமெரிக்க உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன்.

ஓ.ஆர்.எஸ்-ல ஏன் சர்க்கரைன்னு இப்போ புரியுதா? அது தெம்புக்காகவோ ருசிக்காகவோ சேர்த்தது இல்லை. உப்பை உள்ளே அழைச்சுட்டுப் போற ஜோடி!

கதவுக்கு கரன்ட் எங்கிருந்து வருது?

சோடியம் ஏன் செல்லுக்குள் போக ஆசைப்படணும்? ஏன்னா, உள்ளே சோடியம் ரொம்பக் குறைவு. அப்படிக் குறைவா வெச்சிருக்கிறது செல்லின் மறுபக்கம், ரத்தக்குழாயைப் பார்த்த மாதிரி இருக்கிற சோடியம்-பொட்டாசியம் பம்ப். ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும். மேட்டுல தண்ணீரை ஏத்தி வெச்சா அதுவா பள்ளத்துக்குப் பாயும்ல, அந்த மாதிரிதான் இதுவும்.

மோட்டார் ஓட கரன்ட் வேணும். இந்தப் பம்புக்கு ஏ.டி.பி என்ற மூலக்கூறு வேணும். ஒரு சுற்றுக்கு ஒரு ஏ.டி.பி செலவு. அதைப் பெரும்பாலும் தயாரிக்கிறது மைட்டோகாண்ட்ரியா. நீங்க சாப்பிட்ட சாதம், இட்லியில இருந்து வர்ற குளுக்கோஸை, மூச்சுல இழுத்த ஆக்சிஜனோடு சேர்த்துப் படிப்படியா எரிக்குது. ஒரு குளுக்கோஸுக்குச் சுமார் 30 ஏ.டி.பி கிடைக்கும். மைட்டோகாண்ட்ரியாவோட உள் சவ்வில் ஒரு குட்டி டர்பைன் மாதிரி சுழலும் புரதம்தான் இந்த ஏ.டி.பி-யைச் செஞ்சு தள்ளுது.

1997-ம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் பாதி, இந்த டர்பைன் எப்படி இயங்குதுன்னு விளக்கிய பால் போயர், ஜான் வாக்கர் இருவருக்கும் போச்சு. மீதிப் பாதி, சோடியம் பம்பைக் கண்டுபிடிச்ச டென்மார்க் விஞ்ஞானி யென்ஸ் ஸ்கோவுக்கு. கரன்ட்டுக்கும் மோட்டாருக்கும் ஒரே மேடையில் பரிசு!

நோய் வந்தாலும் பூட்டாத கதவு

காலரா நச்சு என்ன பண்ணுது தெரியுமா? குடல் செல்லில் இருந்து குளோரைடு வெளியே போற வழியை மூட விடாம திறந்தே வெச்சிடுது. குளோரைடு கொட்ட, பின்னாலயே சோடியமும் தண்ணீரும் கொட்டும். ஆனா, உப்பும் சர்க்கரையும் சேர்ந்து போற அந்த ஜோடிக் கதவை அது தொடுறதில்லை. முன்வாசல்ல வெள்ளம் ஓடினாலும் பின்வாசல் வழியா சாமான் கொண்டுவரலாம். ஓ.ஆர்.எஸ்-ஸோட மொத்த ரகசியமும் இதுதான்.

1968-ல் டாக்காவில் டேவிட் நாலின், ரிச்சர்ட் கேஷ் என்ற இரண்டு இளம் டாக்டர்கள் காலரா நோயாளிகளிடம் இதை நிரூபிச்சாங்க. 1971 வங்கதேசப் போரின்போது அது பெரிய பரீட்சைக்கு வந்தது. மேற்கு வங்கத்தின் பொங்காவ் பகுதியில் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பு வழியா ஏத்துற சலைன் தீர்ந்துபோச்சு. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் குழு குளுக்கோஸ், உப்பு, சமையல் சோடாவைக் கலந்து டிரம்களில் நிரப்பி வெச்சது. நோயாளிகளின் உறவினர்களே குவளையில் எடுத்துப் புகட்டினாங்க. 30 சதவிகிதம் வரை போன இறப்பு, 3.6 சதவிகிதமாகக் குறைஞ்சது. மஹாலனாபிஸ் 2022-ல் இறந்தார். மறுவருடம் அவருக்கு பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது.

அஞ்சே நாளில் புது குடல்

'ஓ.ஆர்.எஸ் குடிச்சும் போக்கு நிக்கலையே'ன்னு பாதியிலேயே நிறுத்துறவங்க நிறைய. அது போக்கை நிறுத்துற மருந்து இல்லை. இழந்த நீரையும் உப்பையும் ஈடுகட்டும். அந்த இடைவெளியில் குடல் தன்னைத்தானே சரிபண்ணிக்கும்.

ரோட்டா வைரஸ் மாதிரி கிருமிகள், உறிஞ்சும் வேலை செய்ற செல்களையே அழிச்சிடும். ஆனா, குடல் உறிஞ்சிகளின் அடிவாரக் குழிகளில் ஸ்டெம் செல்கள் இருக்கு. ஒவ்வொண்ணும் தன்னோட 46 குரோமோசோம்களையும் பிரதி எடுத்து, சரிபாதியா பங்கு போட்டு, ரெண்டு செல்லா பிரியும். புது செல்கள் மெதுவா மேலே ஏறி, பழுதான செல்களின் இடத்தைப் பிடிக்கும். நல்லா இருக்கும்போதும் மூணு முதல் அஞ்சு நாளில் குடலின் மேற்பரப்பு முழுக்கப் புதுசாகிடும். வேகமா பிரியும் செல்களைத் தாக்கும் கீமோதெரபி எடுக்கிறவங்களுக்கு வாய்ப்புண்ணும் வயிற்றுப்போக்கும் வர்றதும் இதனாலதான்.

புது செல்களை உருவாக்கச் சத்து வேணும். அதனால, வயிற்றுப்போக்கு இருக்குன்னு குழந்தையைப் பட்டினி போடாதீங்க. தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது. டாக்டர் 14 நாளைக்கு ஜிங்க் கொடுத்தா, போக்கு நின்ன பிறகும் முழுசா கொடுத்து முடிங்க.

நீங்க செய்ய வேண்டியது

* உலக சுகாதார நிறுவனத்தின் ஃபார்முலாவில் ஒரு லிட்டருக்கு குளுக்கோஸ் 13.5 கிராம், உப்பு 2.6 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம் இருக்கும். வாங்கும்போது லேபிளைப் பாருங்க.

* இனிப்பு பானங்களும் கூல் டிரிங்ஸும் ஓ.ஆர்.எஸ் ஆகாது. சர்க்கரை அதிகமானா, குடலுக்குள்ள இன்னும் தண்ணீரை இழுத்து போக்கை அதிகமாக்கும். ஃபார்முலாவுக்குப் பொருந்தாத பானங்கள் பெயரில் 'ஓ.ஆர்.எஸ்' என்று போடக் கூடாதென 2025 அக்டோபரில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ உத்தரவிட்டது.

* ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் மொத்தமாகக் கரைங்க. ஒரு டம்ளருக்குக் கொஞ்சமா தூவினா விகிதம் கெட்டுடும். கரைச்சதை 24 மணி நேரத்துக்குள் பயன்படுத்துங்க.

* வாந்தி வந்தா 10 நிமிஷம் விட்டு, ஸ்பூனால் கொஞ்சம் கொஞ்சமா கொடுங்க.

* பாக்கெட் கிடைக்கலையா? ஒரு லிட்டர் தண்ணீருக்கு 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ரெண்டையும் தலைதட்டி அளந்து போடுங்க. உப்பு கூடினா ஆபத்து.

* உப்பு போட்ட அரிசிக் கஞ்சியும் கைகொடுக்கும். அரிசியின் மாவுச்சத்து உடைஞ்சு குளுக்கோஸாத்தானே மாறுது!

* கண் உள்வாங்குவது, சிறுநீர் வராதது, சோர்ந்து மயங்குவது, மலத்தில் ரத்தம், எதையும் குடிக்க முடியாத நிலை... இதில் எது தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஆன்டிபயாடிக் வேணுமா வேண்டாமான்னு டாக்டர் முடிவு பண்ணட்டும்.

இன்னிக்கே ரெண்டு பாக்கெட் வாங்கி வீட்டு மருந்து டப்பாவில் போட்டு வைங்க. நடுராத்திரி தேவைப்பட்டா, கடை திறக்கிற வரை காத்திருக்க வேண்டியிருக்காது.