விமான இரைச்சலை அளந்த வரலாறு

நெல்லை மரக்காலால் அளக்கிறோம். துணியை முழக்கோலால் அளக்கிறோம். ஐயம் எழுந்தால் மீண்டும் அளந்து பார்த்துத் தெளிகிறோம். இரைச்சலோ அத்தகைய எளிய பொருளன்று. காற்றில் எழும் அதிர்வைக் கருவி அளந்துவிடும். ஆனால் அவ்வதிர்வு ஒருவருடைய உறக்கத்தையும் உரையாடலையும் எவ்வளவு கெடுத்தது என்பதைக் கருவி அறியாது. இவ்விரண்டையும் இணைக்கும் ஓர் எண்ணைத் தேடிய முயற்சியே விமான இரைச்சல் கட்டுப்பாட்டின் வரலாறு எனலாம்.

இம்முயற்சிக்கு வித்திட்டது ஜெட் விமானம். நியூயார்க் நகரத்து விமான நிலையங்களை நிர்வகித்த துறைமுக ஆணையம், தன் அனுமதியின்றி ஜெட் விமானம் எதுவும் அங்கு இறங்கலாகாது என்று 1951ஆம் ஆண்டிலேயே விதி செய்திருந்தது. பின்னர் போயிங் 707 உருவானபோது, முன்னால் விசிறி சுழல இயங்கிய பழைய விமானங்களைவிட இப்புதிய விமானம் மிகுந்த தொல்லை தரலாகாது என்று ஆணையம் வற்புறுத்தியது.

தொல்லையை எவ்வாறு அளப்பது? ஒலிமானி இருவகை விமானங்களுக்கும் ஒரே அளவைக் காட்டியபோதும், ஜெட்டின் கூரிய ஒலியே செவிக்குப் பெருந்துன்பமாயிருந்தது. ஆணையத்தின் பொருட்டு இதனை ஆராய்ந்த கார்ல் கிரைட்டர் என்னும் அறிஞர், இருவகை ஒலிகளையும் மக்களைக் கேட்கச் செய்து, எது மிகுந்த இரைச்சல் என்று வினவினார். அவர்கள் கூறிய விடைகளின் அடிப்படையில் பிறந்ததே ‘உணரப்படும் இரைச்சல் டெசிபெல்’ என்னும் அலகு. நியூயார்க்கில் இந்த அலகில் 112 என்பது எல்லையாக விதிக்கப்பட்டது. 1958 அக்டோபரில் 707 அங்கிருந்து பயணிகளுடன் புறப்பட்டபோது, அதன் எஞ்சின்களில் ஒலி தணிக்கும் குழாய்கள் பொருத்தப்பட்டிருந்தன.

ஒரு விமானத்தின் ஒலியை அளக்க வழி கிடைத்தது. ஆயினும் நாளொன்றுக்கு நூறு விமானங்கள் தலைக்கு மேல் பறந்தால் அத்தொல்லையைக் கணக்கிடுவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடியது பிரிட்டனில் சர் ஆலன் வில்சன் தலைமையில் அமைந்த குழு. 1961இல் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தைச் சூழ்ந்த பத்து மைல் வட்டாரத்தில் 1,700க்கும் மேற்பட்ட குடிமக்களை வினவி நடத்திய ஆய்வைக் கொண்டு, 1963இல் அக்குழு தன் அறிக்கையை வெளியிட்டது. ‘இரைச்சலும் எண்ணிக்கையும்’ என்னும் குறியெண் அதில் உருவாயிற்று. விமானங்களின் உச்ச ஒலியோடு அவற்றின் எண்ணிக்கையும் அதில் கணக்கிடப்பட்டது. விமானங்கள் இருமடங்கானால் குறியெண் 4.5 உயரும்.

இதற்கிடையே விமானங்களையே ஓசை குறைந்தனவாகச் செய்யும் முயற்சியும் நடந்தது. அமெரிக்கா 1969இல் விதிகளை வகுத்தது; பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1971இல் தன் உடன்படிக்கையின் 16ஆம் இணைப்பை ஏற்றது. அவ்விதிகளின்படி ஒவ்வொரு புதிய வகை ஜெட் விமானமும் மூன்று இடங்களில் சோதிக்கப்படும்: ஓடத் தொடங்கிய இடத்திலிருந்து 6,500 மீட்டர் தொலைவில், ஓடுபாதையின் பக்கவாட்டில், இறங்கும்போது ஓடுபாதை முனைக்கு 2,000 மீட்டர் முன்னால். எல்லை மீறினால் சான்றிதழ் இல்லை. இவ்வெல்லைகள் பின்னர்ப் பலமுறை இறுக்கப்பட்டன. எஞ்சின்களும் அமைதியாயின.

ஆனால் ஒவ்வொரு விமானத்தின் ஓசையும் குறையக் குறைய, விமானங்களின் எண்ணிக்கை பெருகிற்று. 1990இல் பிரிட்டன் பழைய குறியெண்ணைக் கைவிட்டு, பகற்பொழுதின் பதினாறு மணி நேரத்து ஒலியாற்றலைச் சராசரியாக்கும் முறையை மேற்கொண்டது. இம்முறையில் விமானங்கள் இருமடங்கானால் அளவு 3 டெசிபெல்லே உயரும். ஒவ்வொரு விமானமும் 3 டெசிபெல் தணிந்தால் கணக்கு நேராகிவிடும். கணக்கில் மாற்றம் இல்லை; கூரைக்குக் கீழே வாழ்பவருக்கோ, முன்பு நூறு முறை தடைப்பட்ட பேச்சு இப்போது இருநூறு முறை தடைப்படுகிறது. இது சிறு வேறுபாடன்று. நிலப்படத்தில் இரைச்சல் எல்லைக்கோட்டுக்கு உள்ளே இருப்பவரா, வெளியே இருப்பவரா என்பதைப் பொறுத்தே ஒருவருடைய வீட்டுக்கு ஒலிகாப்பு உதவி கிடைப்பதும் கிடைக்காததும் அமையும். ஆகவே எந்த எண்ணைத் தெரிந்தெடுப்பது என்பது கணித வினாவாக மட்டும் நிற்பதில்லை; நீதியைப் பற்றிய வினாவாகவும் ஆகிறது.

அந்நாட்டில் பெருந்தொல்லை தொடங்கும் அளவாக 57 டெசிபெல் நெடுங்காலம் கொள்ளப்பட்டது. 2014இல் மக்களை மீண்டும் வினவிய ஆய்வு, முன்பு 57இல் கண்ட தொல்லை இப்போது 54இலேயே காணப்படுகிறது எனக் காட்டிற்று. நம் நாட்டிலும் 2018இல் நடுவண் அரசு விமான நிலைய வட்டாரங்களுக்கு ஒலி வரம்புகளை அறிவித்தது. ஆண்டுக்கு 50,000க்கு மேல் விமானப் போக்குள்ள நிலையங்களுக்குப் பகலில் 70, இரவில் 65 டெசிபெல் என்பது அவ்வரம்பு. இதுவும் சராசரி அளவே.

சராசரி வேண்டாததன்று. அதுவின்றி ஆட்சியாளர் விதி செய்தல் அரிது. எனினும் நள்ளிரவில் விழித்தெழும் குழந்தை சராசரியைக் கேட்பதில்லை. ஒரு விமானத்தையே கேட்கிறது. கிரைட்டரும் வில்சன் குழுவும் தம் அளவுகோல்களை மக்களின் வாய்மொழியிலிருந்தே பெற்றனர். காலம் மாறும்தோறும் ஓடுபாதையருகே வாழ்வோரை மீண்டும் வினவி, அளவுகோலைச் சரிபார்த்துக்கொள்வது அரசுகளின் கடமையாகும்.