பாத்திரங்கழுவியில் நீர் நிரம்பாமை

பாத்திரங்கழுவியில் நீர் நிரம்பாமை என்பது, பாத்திரம் கழுவும் இயந்திரத்தை இயக்கிய பின்னரும் அதன் தொட்டிக்குள் நீர் வராதிருப்பதையோ தேவையான அளவுக்குக் குறைவாக வருவதையோ குறிக்கும் பழுதாகும். மூடிய குழாய், மடிந்த நெகிழ்குழாய், அடைபட்ட வடிகட்டி போன்ற எளிய காரணங்களாலும், வால்வு, உணரி, கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றின் கோளாறுகளாலும் இது ஏற்படலாம். சில வேளைகளில் இது பழுதே அன்று. இயந்திரத்தின் அடியில் நீர் கசிந்திருப்பதை உணர்ந்த பாதுகாப்பு அமைப்பு, வீட்டிற்குள் நீர் பெருகாதிருக்க வரத்தை நிறுத்தியிருக்கலாம். ஆகவே, காரணத்தை அறியாமல் நீரை வரவழைக்க முயல்வது பெரிய சேதத்திற்கு இட்டுச் செல்லக்கூடும்.

பின்னணி

நீரை அழுத்தத்துடன் பீய்ச்சிப் பாத்திரங்களைக் கழுவும் இயந்திரத்திற்கு ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த ஜோசபின் காக்ரேன் 1886 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். 1893 இல் சிக்காகோவில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில் அவரது இயந்திரங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. அக்கால இயந்திரங்களுள் சில கையால் சுழற்றி இயக்கப்பட்டன. தற்கால இயந்திரங்களிலோ நீரை உள்ளே விடுதல், அளத்தல், சூடேற்றல், வெளியேற்றல் ஆகிய அனைத்தும் தாமாகவே நடைபெறுகின்றன. எனவே, இவற்றுள் ஏதேனும் ஒரு படி தவறினாலும் நீர் வரத்து நின்றுவிடலாம்.

நீர் நிரம்பும் முறை

பாத்திரங்கழுவியின் தொட்டி, வாளியைப் போல விளிம்பு வரை நிரம்புவதில்லை. ஒரு முறை நிரம்பும்போது பொதுவாக 3 முதல் 5 லிட்டர் நீரே உள்ளே வருகிறது. இந்நீர் தொட்டியின் அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்க, சுற்றோட்டப் பம்பு அதையே திரும்பத் திரும்ப எடுத்துச் சுழலும் தெளிகைகளின் வழியே பீய்ச்சுகிறது. இயங்கும்போது கதவைத் திறந்து பார்ப்பவர் தரையளவில் சிறிது நீரை மட்டும் கண்டு, இயந்திரம் நிரம்பவில்லை எனத் தவறாக எண்ணுவதுண்டு.

நீர் உள்ளே வரும் ஒழுங்கு பின்வருமாறு அமைகிறது.

1. கதவு முழுமையாக மூடப்பட்டதும் அதன் தாழ்ப்பாளிலுள்ள ஆளி (சுவிட்ச்) மின்சுற்றை இணைக்கிறது.
2. பெரும்பாலான இயந்திரங்களில் முதலில் வெளியேற்று பம்பு சிறிது நேரம் ஓடி, எஞ்சிய பழைய நீரை அகற்றுகிறது.
3. கட்டுப்பாட்டுப் பலகை, நீர் உள்விடும் வால்வுக்கு மின்சாரத்தை அனுப்புகிறது.
4. வால்வு திறந்து, நீர் தொட்டிக்குள் செல்கிறது.
5. மிதவை, அழுத்த உணரி, ஓட்டமானி ஆகியவற்றுள் ஒன்று போதிய அளவு நீர் வந்ததை உணர்த்தியதும் வால்வு மூடுகிறது.

நீர் உள்விடும் வால்வு வரிச்சுருள் (சாலினாய்டு) வகையைச் சேர்ந்தது. அதன் கம்பிச்சுருளில் மின்சாரம் பாயும்போது உள்ளேயிருக்கும் இரும்புத்தண்டு மேலெழுந்து, ரப்பர்த் திரையின் நடுவிலுள்ள சிறு துளையைத் திறக்கிறது. திரையை முழுமையாக உயர்த்துவது நீரின் அழுத்தமே. இதனால், மின்சாரம் சரியாக வந்தாலும் நீரழுத்தம் போதாவிடின் வால்வு செவ்வனே திறவாது. அழுத்தம் மிகக் குறைந்தால் அது முழுமையாக மூடாமலும் போகலாம்.

இயந்திரத்திற்கு வெளியேயுள்ள காரணங்கள்

அடைப்பும் மடிப்பும்

கழுவுதொட்டியின் (சிங்க்) கீழேயுள்ள நிறுத்து வால்வு, வேறொரு வேலைக்காக மூடப்பட்டுப் பின்னர் திறக்கப்படாமல் விடப்படுவது வழக்கமான காரணங்களுள் ஒன்றாகும். இயந்திரத்தைச் சுவரை நோக்கித் தள்ளும்போது அதன் பின்புறமுள்ள நெகிழ்குழாய் மடிந்துவிடுவதும் உண்டு. குளிர்நாடுகளில், சூடேற்றப்படாத அறைகளில் குழாயிலுள்ள நீர் உறைந்து வரத்தைத் தடுக்கலாம்.

நெகிழ்குழாய் இயந்திரத்துடனோ நீர்க்குழாயுடனோ இணையும் இடத்தில் சிறிய வலை வடிகட்டி அமைந்திருக்கும். மணல், துரு, சுண்ணப்படிவு ஆகியன இதில் சேர்ந்து நீரைத் தடுக்கின்றன. ஆழ்துளைக் கிணற்றின் கடினநீரைப் பயன்படுத்தும் வீடுகளிலும், குழாய்ப் பழுதுபார்ப்பு அண்மையில் நடந்த இடங்களிலும் இது விரைவில் அடைபடும். வடிகட்டியைக் கழற்றி மென்மையான தூரிகையால் கழுவி மீண்டும் பொருத்தலாம். அதை நீக்கிவிட்டு இயந்திரத்தை இயக்குதல் கூடாது. அவ்வாறு செய்தால் மணற்றுகள் வால்வின் ரப்பர்த் திரையில் சிக்கி, வால்வு மூடாமல் நீர் தொடர்ந்து கசியும்.

நீரழுத்தக் குறைவு

இயந்திரத்திற்குத் தேவையான மிகக்குறைந்த நீரழுத்தம் அதன் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். பல இயந்திரங்களுக்கு இது 0.3 அல்லது 0.5 பார் ஆகும். ஏறத்தாழ 10 மீட்டர் உயரமுள்ள நீர்நிரல் 1 பார் அழுத்தத்தைத் தருகிறது. இந்தியாவில் பெருமளவில் காணப்படுவது போன்று மேல்நிலைத் தொட்டியிலிருந்து நீர் பெறும் வீடுகளில் இக்கணக்கு முதன்மையானது. தொட்டியின் நீர்மட்டம் இயந்திரத்தைவிட 3 மீட்டர் மட்டுமே உயர்ந்திருந்தால் கிடைக்கும் அழுத்தம் சுமார் 0.3 பார்தான். குழாய் வளைவுகளில் ஏற்படும் இழப்பு இதை மேலும் குறைக்கிறது. ஒரே கட்டடத்தின் தரைத்தளத்தில் நன்கு இயங்கும் இயந்திரம், மேல்மாடியில் நீர் நிரம்பாமல் நின்றுவிடுவதற்கு இதுவே காரணமாகும். இத்தகைய இடங்களில் அழுத்தமேற்றும் சிறு பம்பு பொருத்தப்படுகிறது.

நீர் வரத்தின் வேகத்தை எளிதில் அளக்கலாம். நிறுத்து வால்வை மூடி, நெகிழ்குழாயைக் கழற்றி, வால்வின் வாயில் வாளியை வைத்துத் திறக்க வேண்டும். பல தயாரிப்பாளர்கள் நிமிடத்திற்குக் குறைந்தது 10 லிட்டர் நீர் வர வேண்டும் எனக் குறிப்பிடுகின்றனர். வாளியில் நன்றாக நீர் விழுந்தால் தடை அதற்கு அப்பால் உள்ளது என்பது தெளிவாகும்.

இயந்திரத்திற்கு உள்ளேயுள்ள காரணங்கள்

கதவின் தாழ்ப்பாள்

கதவு மூடப்பட்டிருப்பதைத் தாழ்ப்பாளின் ஆளி உணராவிடின் இயந்திரம் எந்தப் படியையும் தொடங்காது. நீட்டிக்கொண்டிருக்கும் கரண்டியோ சரியாகத் தள்ளப்படாத தட்டடுக்கோ கதவை முழுமையாக மூடவிடாமல் தடுக்கலாம். தாமதத் தொடக்கம், குழந்தைப் பூட்டு ஆகிய அமைப்புகள் தவறுதலாக இயக்கப்பட்டிருப்பதும் இதே தோற்றத்தைத் தரும்.

மிதவை

வட அமெரிக்காவில் பரவலாகவுள்ள பல வகைகளில், தொட்டியின் தரையில் கவிழ்த்த கிண்ணம் போன்ற மிதவை ஒன்று உள்ளது. நீர் உயரும்போது அதுவும் உயர்ந்து, கீழேயுள்ள ஆளியைத் தள்ளி வால்வை மூடச் செய்கிறது. உணவுத்துகளோ சோப்புப் படிவோ சேர்ந்து மிதவை மேலேயே சிக்கிக்கொண்டால், தொட்டி நிரம்பிவிட்டதாக இயந்திரம் கருதிக்கொள்ளும். மிதவையை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்தால் இது தெரியவரும்.

ஓட்டமானியும் அழுத்த உணரியும்

ஐரோப்பிய வகைகள் பலவற்றில் நீரின் அளவு ஓட்டமானியால் கணக்கிடப்படுகிறது. நீரோட்டம் சிறு சக்கரமொன்றைச் சுழற்ற, அதிலுள்ள காந்தம் உண்டாக்கும் துடிப்புகளைக் கட்டுப்பாட்டுப் பலகை எண்ணுகிறது. சக்கரம் சிக்கிக்கொண்டால், நீர் உண்மையில் வந்துகொண்டிருந்தாலும் வரவில்லை என்றே இயந்திரம் அறிவிக்கும். அழுத்த உணரியுள்ள வகைகளில், அதற்குச் செல்லும் மெல்லிய குழாயில் கொழுப்பு அடைத்துக்கொண்டால் அளவீடு தவறாகும்.

உள்விடும் வால்வு

வால்வின் கம்பிச்சுருள் எரிந்து அறுந்துபோதல், ரப்பர்த் திரை கிழிதல், சுண்ணப்படிவால் தண்டு இறுகுதல் ஆகியன வால்வின் பழுதுகளாகும். நிரம்ப வேண்டிய நேரத்தில் மெல்லிய ரீங்கார ஒலி கேட்டும் நீர் வராவிடின், மின்சாரம் வால்வை அடைகிறது என்றும், தடை நீர்வழியிலோ வால்வின் உட்பகுதியிலோ உள்ளது என்றும் கொள்ளலாம். ஒலியே இல்லாவிடின் கம்பிச்சுருள், இணைப்புக்கம்பி, கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றை ஆராய வேண்டும். மின்னிணைப்பை முற்றாகத் துண்டித்தபின் கம்பிச்சுருளின் மின்தடையைப் பன்மானியால் (மல்டிமீட்டர்) அளக்கலாம். 120 வோல்ட் வால்வுகளில் இது சில நூறு ஓம் முதல் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்ட ஓம் வரையிலும், 230 வோல்ட் வால்வுகளில் சில ஆயிரம் ஓம் அளவிலும் இருப்பது வழக்கம். மின்தடை முடிவிலியாகக் காட்டப்படின் சுருள் அறுந்துள்ளது. வால்வைப் பழுதுபார்ப்பதைவிட முழுவதுமாக மாற்றுவதே நடைமுறையாகும்.

வெளியேற்றத்தில் கோளாறு

நீர் உள்ளே வந்தவுடனேயே வெளியேறிவிடுவதும் நிரம்பாமை போலவே தோன்றும். வெளியேற்றுக் குழாயின் முனை மிகத் தாழ்வாக வைக்கப்பட்டிருந்தால், சைஃபன் விளைவால் நீர் தானாகவே வழிந்துவிடும். இதைத் தவிர்க்க அக்குழாய் போதிய உயரத்திற்கு உயர்த்தி வளைக்கப்பட வேண்டும். மறுபுறம், பழைய நீர் வெளியேறாமல் தேங்கியிருந்தால் இயந்திரம் புதிய நீரை ஏற்காது. அப்போது அடிவடிகட்டியையும் வெளியேற்று பம்பையும் சுத்தம் செய்தல் வேண்டும்.

கழுவும்போது ஒரு கிண்ணம் நிமிர்ந்து நீரைத் தேக்கிக்கொண்டால், பம்புக்குப் போதிய நீர் கிடைக்காமல் இரைச்சல் கேட்கும். இது பழுதன்று.

கசிவுப் பாதுகாப்பு

பல இயந்திரங்களின் அடியில், தொட்டிக்கு வெளியே, ஒரு தட்டு உள்ளது. கசியும் நீர் அதில் சேரும்போது, இலேசான நுரைப்பஞ்சால் ஆன மிதவை உயர்ந்து ஆளியை இயக்குகிறது. உடனே உள்விடும் வால்வு மூடப்பட்டு, வெளியேற்று பம்பு இடைவிடாது ஓடத் தொடங்கும். நீர் நிரம்பாமல் பம்பு மட்டும் நிற்காது ஓடுவது இப்பாதுகாப்பு இயங்கியிருப்பதற்கான தெளிவான அடையாளம். சில வகைகளில் நெகிழ்குழாயே இரட்டைச் சுவருடையது. உட்குழாய் வெடித்தால் வெளிக்குழாய் வழியே நீர் அடித்தட்டுக்கு இறங்கி, குழாய்முனையிலுள்ள வால்வை மூடச் செய்கிறது. முழுவதும் பொறிமுறையால் இயங்கும் வகைகளில், ஒரு முறை மூடிக்கொண்ட குழாயின் சாளரத்தில் சிவப்பு நிறம் தெரியும். அத்தகைய குழாயை மாற்றியே ஆக வேண்டும்.

பாத்திரங்களைக் கையால் கழுவும் சோப்பை இயந்திரத்தில் இட்டால் மிகையான நுரை உண்டாகி, கதவின் வழியே கசிந்து, அடித்தட்டை அடைந்து இப்பாதுகாப்பை இயக்கக்கூடும்.

அடித்தட்டின் நீரை உறிஞ்சி எடுத்தவுடன் இயந்திரம் மீண்டும் இயங்கும். ஆயினும் கசிவின் மூலத்தைக் கண்டறியாமல் இவ்வாறு செய்வது பயனற்றது. மிதவையைக் கட்டிவைத்தோ ஆளியை விலக்கியோ இயந்திரத்தை ஓட்டுவது ஆபத்தானது. அடுக்குமாடிக் கட்டடங்களில் இதனால் கீழ்த்தளக் கூரையும் மின்கம்பிகளும் நனையக்கூடும்.

பிழைக்குறியீடுகள்

மின்னணுக் கட்டுப்பாடுள்ள இயந்திரங்கள் பழுதைக் குறியீட்டால் காட்டுகின்றன. எடுத்துக்காட்டாக:

- எல்ஜி: ஐஈ – நீர் வரத்துக் குறைவு
- எலக்ட்ரோலக்ஸ்: ஐ10 – நீர் வரவில்லை, ஐ30 – கசிவுப் பாதுகாப்பு இயங்கியது
- போஷ்: ஈ18 – நீர் வரத்துக் குறைவு, ஈ15 – அடித்தட்டில் நீர்

குறியீடுகள் வகைக்கும் தயாரிப்பாண்டுக்கும் ஏற்ப மாறுபடுவதால், உரிய கையேட்டுடன் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஆராயும் வரிசை

எளியதிலிருந்து கடினமானதற்குச் செல்வதே முறையாகும்.

1. குறியீட்டையும் ஒலியையும் கவனித்தல். பம்பு இடைவிடாது ஓடினால் கசிவை முதலில் தேடுதல்.
2. கதவு, குழந்தைப் பூட்டு, தாமதத் தொடக்கம் ஆகியவற்றைச் சரிபார்த்தல்.
3. நிறுத்து வால்வு திறந்துள்ளதா, குழாய் மடிந்துள்ளதா எனப் பார்த்தல்.
4. வாளியால் நீர் வரத்தை அளத்தல்.
5. வலை வடிகட்டியைக் கழுவுதல்.
6. மிதவையையும் வெளியேற்றுக் குழாயின் உயரத்தையும் சோதித்தல்.
7. இவற்றால் தீராவிடின் வால்வு, உணரி, கட்டுப்பாட்டுப் பலகை ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவரைக் கொண்டு சோதித்தல்.

பாதுகாப்பு

நீரும் மின்சாரமும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால், எந்த மூடியைக் கழற்றும் முன்பும் மின்செருகியைப் பிடுங்கி, நிறுத்து வால்வையும் மூட வேண்டும். இயந்திரத்தின் பொத்தானை அணைப்பது மட்டும் போதாது. செருகியின்றி நேரடியாக இணைக்கப்பட்ட இயந்திரங்களுக்கு மின்பலகையிலுள்ள உரிய துண்டிப்பானை அணைத்தல் வேண்டும். கதவின் ஆளியைக் குறுக்கிணைத்து இயக்குதல் கூடாது. அவ்வாறு செய்தால் கதவு திறந்திருக்கும்போதே சுடுநீர் பீய்ச்சப்படலாம். குழாய்களை மீண்டும் பொருத்திய பின், முதல் முறை கழுவி முடியும் வரை அருகிலிருந்து இணைப்புகளில் கசிவு உள்ளதா எனக் கவனிப்பது நன்று.

இவற்றையும் பார்க்க

- பாத்திரங்கழுவி
- வரிச்சுருள் வால்வு
- நீரழுத்தம்
- கடினநீர்
- சைஃபன்