உறவுவழி நற்செய்திப் பணி

உறவினர், அண்டை வீட்டார், உடன் உழைப்போர், நண்பர் ஆகியோரிடையே ஏற்கெனவே உள்ள நம்பிக்கையின் வழியாகக் கிறிஸ்தவ விசுவாசத்தைப் பகிர்ந்துகொள்வது உறவுவழி நற்செய்திப் பணி எனப்படும். தெருமுனைப் பிரசங்கம், துண்டுப் பிரதி விநியோகம், பெருந்திரள் கூட்டம் ஆகியவற்றிலிருந்து இது வேறுபட்டது. சொல்கிறவரைக் கேட்கிறவர் முன்பே அறிந்திருக்கிறார். சொல்கிறவரின் பேச்சை அவருடைய நடத்தையோடு ஒப்பிட்டுப் பார்க்கவும் கேட்கிறவரால் முடிகிறது. கிறிஸ்தவ வரலாற்றில் சபைகள் வேகமாகவும் நிலையாகவும் வளர்ந்த பல இடங்களில் இந்த முறையே முன்னின்றது. தென்னிந்தியாவிலும் பஞ்சாபிலும் 18 முதல் 20ஆம் நூற்றாண்டு வரை நடந்தவை இதற்கு மிகத் தெளிவான சான்றுகள். சபை வளர்ச்சி பற்றிய உலகளாவிய கோட்பாடுகள் சில, இந்தியக் கிராமங்களில் கண்டவற்றை வைத்தே எழுதப்பட்டன.

வேதாகமப் பின்னணி

புதிய ஏற்பாட்டில் இதற்கு முன்மாதிரிகள் ஏராளம். அந்திரேயா முதலில் தேடிப்போனது தன் சகோதரன் சீமோனை. சமாரியப் பெண் குடத்தை வைத்துவிட்டுத் தன் ஊராரிடம் போனாள். கொர்நேலியு, பேதுரு வருமுன் தன் உறவினரையும் நெருங்கிய நண்பர்களையும் வீட்டில் கூட்டிவைத்திருந்தான். பிலிப்பி பட்டணத்தில் லீதியாளும் சிறைச்சாலைக்காரனும் வீட்டாரோடு ஞானஸ்நானம் பெற்றார்கள். ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரம் ஏறக்குறைய முழுவதும் வாழ்த்துப் பட்டியல்தான். பலரும் வேகமாகத் தாண்டிப் போய்விடும் அந்தப் பெயர்கள், தொடக்ககாலச் சபை எப்படிப்பட்ட அறிமுகங்களால் பின்னப்பட்டிருந்தது என்பதற்கு நல்ல ஆவணம்.

கேட்டலில் தொடங்கிய பணி

1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கிய மிஷனரி பர்த்தலோமேயு சீகன்பால்க், பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். அதைவிட முக்கியமானது, தமிழர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அவர்களிடமே கேட்டதுதான். அவரும் உடன் ஊழியர் கிரண்ட்லரும் கடவுள், சடங்கு, திருமணம், மருத்துவம், கிறிஸ்தவரைப் பற்றிய கருத்து எனப் பல பொருள்கள் குறித்துக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். 1712 முதல் 1714 வரை வந்த பதில்களில் 99 கடிதங்கள் ஜெர்மன் மொழியில் பெயர்க்கப்பட்டு ஹாலே நகரில் அச்சாயின. ஐரோப்பியக் கிறிஸ்தவர்களின் குடியையும் ஒழுங்கீனத்தையும் அந்தக் கடிதங்கள் வெளிப்படையாகக் கண்டித்தன. தன் சமயத்தாரைப் பற்றிய கசப்பான வார்த்தைகளை மறைக்காமல் தாய்நாட்டுக்கு அனுப்பியது, உண்மையான உரையாடலுக்கு அவர் எவ்வளவு தயாராக இருந்தார் என்பதைக் காட்டுகிறது.

அடுத்த தலைமுறையில், 1750இல் வந்து 1798இல் தஞ்சாவூரில் இறந்த கிறிஸ்தியான் பிரெடெரிக் சுவார்ட்ஸ் வேறுவிதமாக இதே நம்பிக்கையைச் சம்பாதித்தார். 1779இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் தூதராக அவர் ஸ்ரீரங்கப்பட்டணம் போனபோது, ஆங்கிலேயரை நம்பாத ஹைதர் அலி அவரை நம்பினார். தஞ்சை இளவரசர் சரபோஜிக்கு அவர் பாதுகாவலராக இருந்தார். சரபோஜி கிறிஸ்தவராகவில்லை, என்றாலும் சுவார்ட்ஸின் நினைவாகப் பளிங்குச் சிற்பம் அமைத்தார். மதம் மாறாதவரோடும் கடைசிவரை நீடித்த இந்த உறவு, நட்பு வெறும் உபாயமாக இருக்கவில்லை என்பதற்குச் சான்று.

திருநெல்வேலி

1780இல் பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் 40 பேர் மட்டுமே இருந்தார்கள். இரண்டாண்டுகளுக்கு முன் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்ற மராட்டிய பிராமண விதவை குளோரிந்தா அந்தச் சிறு சபையின் தூணாக இருந்து, 1785இல் ஆலயமும் கட்டினார். ஆனால் நகரச் சபை கிராமங்களுக்குப் பரவியது வேறொருவரால்.

சாத்தான்குளம் பக்கத்துக் காலன்குடியைச் சேர்ந்த சுந்தரானந்தம், ஊரைவிட்டுத் தஞ்சாவூர் போய், அங்கே கிறிஸ்தவராகித் தாவீது என்ற பெயரோடு திரும்பினார். போதகர் சத்தியநாதன் ஐயருக்குத் துணையாக வந்த அவர் முதலில் போனது சொந்தக்காரர் வீடுகளுக்கு. மாமன், மைத்துனன் முறைக்காரர்கள் கேட்டார்கள், சிலர் ஏற்றார்கள், எதிர்ப்பும் உடனே வந்தது. துன்புறுத்தப்பட்டவர்கள் சேர்ந்து வாழ இடம் தேடியதில் 1799இல் முதலூர் பிறந்தது. 1802இல் மிஷனரி கெரிக்கே ஐயர் சுற்றுப்பயணம் வந்தபோது பனையேறும் மக்கள் குடும்பம் குடும்பமாக, சில இடங்களில் ஊராக, ஞானஸ்நானத்துக்கு நின்றார்கள். சில மாதங்களில் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். இவ்வளவு பேரையும் ஐரோப்பியர் யாரும் வீடு வீடாகப் போய்ச் சந்திக்கவில்லை. சம்பந்தம் செய்துகொண்ட ஊர்களுக்கிடையே செய்தி தானாக நடந்து போயிருந்தது.

அடுத்து நடந்ததும் பாடம்தான். 1803இல் கெரிக்கே இறந்தார். புதிய சபைகளுக்குப் போதகர் போதவில்லை. பஞ்சமும் காய்ச்சலும் வந்தன. பலர் பழைய வழிபாட்டுக்குத் திரும்பினார்கள். உறவின் வழியே வருகிறவர்களுக்குத் தொடர்ந்த பராமரிப்பும் உறவாகவே கிடைக்க வேண்டும் என்பதை 1820இல் பாளையங்கோட்டை வந்த மிஷனரி இரேனியுஸ் ஐயர் நன்றாகப் புரிந்துகொண்டார். தமிழை இலக்கணம் எழுதுமளவுக்குக் கற்ற அவர், உள்ளூர் உபதேசியார்களைப் பயிற்றுவித்துக் கிராமந்தோறும் அமர்த்தினார். உபதேசியார் அந்த மக்களிடையேயே குடியிருந்து, பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து, நோயாளிக்காக ஜெபித்து, வழக்கு வந்தால் மனு எழுதிக் கொடுப்பவர். திருநெல்வேலிச் சபை வரலாற்றில் மிஷனரிகளின் பெயர்கள் பெரிய எழுத்தில் அச்சாகியிருக்கின்றன. சபையைக் கட்டியவர்கள் பெரும்பாலும் இந்த உபதேசியார்களும், வீட்டுப் பெண்களிடம் போய் அமர்ந்து பேசிய வேதாகமப் பெண்களும்தான்.

உறவு முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கும் திருநெல்வேலியே சாட்சி. இராபர்ட் கால்டுவெல் 1849இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஒரு நூல், இடையன்குடி வட்டாரத்தில் அவர் ஊழியம் செய்த நாடார் மக்களைத் தாழ்த்தி வருணித்தது. அது வெளிநாட்டு வாசகருக்காக எழுதப்பட்டது. ஆனால் உரியவர்களின் கைக்கும் வந்து சேர்ந்தது. நாசரேத்து மிஷனரியோடு மோதி வேலையிழந்திருந்த உபதேசியார் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை, அந்த அவமதிப்பைப் பொறுக்க முடியாமல் 1857இல் பிரகாசபுரத்தில் தனிச்சபை தொடங்கினார். அது கிறிஸ்துவை விடவில்லை, மிஷனரிகளை விட்டது. மக்களைப் பற்றி அவர்கள் முன்னால் ஒன்றும் முதுகுக்குப் பின்னால் வேறொன்றும் சொல்லும் ஊழியத்தால், எத்தனை பள்ளிக்கூடம் கட்டினாலும் இந்தக் காயத்தை ஆற்ற முடியாது.

சியால்கோட்டின் தித்து

இன்று பாகிஸ்தானில் உள்ள சியால்கோட் மாவட்டத்தில், அமெரிக்க ஐக்கிய பிரஸ்பிட்டேரியன் மிஷன் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து உயர்சாதியினரையும் படித்தவரையும் நோக்கி உழைத்துக்கொண்டிருந்தது. பலன் சொற்பம். 1873இல் தித்து என்ற ஒருவர் மிஷனரி சாமுவேல் மார்ட்டினிடம் வந்தார். சுஹ்ரா என்னும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். ஒரு கால் ஊனம். எழுதப் படிக்கத் தெரியாது. ஊர் ஊராகத் தோல் வாங்கி விற்றுப் பிழைத்தவர். நட்டு என்ற ஜாட் கிறிஸ்தவரின் வழியாக அவர் விசுவாசத்துக்கு வந்திருந்தார். ஞானஸ்நானம் தர மார்ட்டின் தயங்கினார். தந்தபின் மிஷன் வளாகத்திலேயே தங்கிக் கற்கும்படி விரும்பினார். தித்து மறுத்து ஊருக்குத் திரும்பினார்.

அந்த மறுப்புதான் எல்லாவற்றையும் மாற்றியது. அக்காலத்து வழக்கப்படி புது விசுவாசி மிஷன் வளாகத்தில் குடியேறிவிடுவார். உயிருக்கும் பிழைப்புக்கும் அது பாதுகாப்பு. ஆனால் அன்றோடு அவருக்கும் அவர் உறவுக்கும் இடையே சுவர் எழும்பிவிடும். தித்துவின் சொந்தக்காரர்கள் அவரைக் கேலி செய்தார்கள், ஒதுக்கினார்கள். அவரோ பழைய வீட்டில், பழைய தொழிலில், அவர்கள் கண்ணெதிரே வாழ்ந்தார். சில வாரங்களில் மனைவி, மகள், அயலார் இருவர் ஆகியோரைக் கால்நடையாகச் சியால்கோட்டுக்கு அழைத்துவந்தார். அவர்கள் ஞானஸ்நானம் பெற்று அன்றே ஊர் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு மேலும் நால்வர். தோல் வாங்கப் போகும் ஊர்களிலெல்லாம் தித்து தன் நம்பிக்கையைப் பேசினார். சுமார் நாற்பது ஆண்டுகளில் அந்த மாவட்டத்துச் சுஹ்ரா சமூகம் ஏறக்குறைய முழுவதும் கிறிஸ்தவமானது. இன்றைய பாகிஸ்தான் கிறிஸ்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இப்படிப்பட்ட இயக்கங்களின் வழித்தோன்றல்கள்.

ஆய்வுகளும் கோட்பாடும்

இந்த இயக்கங்களை முறையாக ஆராய்ந்தவர் அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி வாஸ்கம் பிக்கெட். இந்திய தேசியக் கிறிஸ்தவ மன்றத்துக்காக அவர் நடத்திய ஆய்வு 1933இல் நூலாக வந்தது. குழுவாகச் சேர்ந்தவர்களின் விசுவாசம் போலியானது என்ற பரவலான எண்ணத்தை அது மறுத்தது. எந்த நோக்கத்தோடு வந்தார்கள் என்பதைவிட, வந்தபின் எப்படிக் கற்பிக்கப்பட்டார்கள், பராமரிக்கப்பட்டார்கள் என்பதே சபையின் தரத்தைத் தீர்மானித்தது என்பது அதன் முக்கிய முடிவுகளில் ஒன்று.

பிக்கெட்டின் நூலால் தூண்டப்பட்ட டொனால்ட் மெக்கவ்ரன், 1897இல் மத்திய இந்தியாவின் தாமோவில் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர். 1955இல் வந்த தன் நூலில், உறவுகளே நற்செய்தி கடந்துபோகும் பாலங்கள் என்று வாதிட்டார். 1970இல் சபை வளர்ச்சி பற்றி விரிவான நூலும் எழுதினார். சமூகவியலிலிருந்தும் இதற்கு ஆதரவு கிடைத்தது. ஜான் லோஃப்லேண்டும் ராட்னி ஸ்டார்க்கும் 1965இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் புதிதாகப் பரவிவந்த ஒரு சமய இயக்கத்தைக் கவனித்து, போதனையின் கவர்ச்சியைவிட உறுப்பினர்களோடு ஏற்பட்ட நெருக்கமே மக்களை உள்ளே கொண்டுவந்தது என்று கண்டது. ஸ்டார்க் 1996இல் இதே பார்வையை ரோமப் பேரரசின் தொடக்ககாலக் கிறிஸ்தவத்துக்கும் பொருத்தினார்.

மறுப்புகள்

உறவு வழியாகப் பரவும் சபை, அந்த உறவின் எல்லைகளையும் கூடவே கொண்டுவருகிறது. இந்தியாவில் அந்த எல்லை சாதி. மக்கள் தங்கள் இனத்தை விட்டு வெளியே வராமலே கிறிஸ்தவராக விரும்புகிறார்கள் என்ற மெக்கவ்ரனின் கவனிப்பு உண்மைதான். அதை ஊழிய உத்தியாகவே ஆக்கியது கடுமையாக எதிர்க்கப்பட்டது. ஈக்குவடாரைச் சேர்ந்த ரெனே பதியா போன்றோர், 1977இல் அமெரிக்காவின் பசடீனாவில் இதற்கென்றே நடந்த ஆலோசனைக் கூட்டத்திலும் பிறகும், யூதரும் புறவினத்தாரும் ஒரே பந்தியில் அமர்ந்த சபையைச் சுட்டிக்காட்டி மறுத்தார்கள். தமிழ்நாட்டில் இந்த விவாதம் ஏட்டளவிலானது அல்ல. வடக்கன்குளம் கத்தோலிக்க ஆலயத்தில் சாதிவாரியாக மக்களைப் பிரித்த சுவர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இடிக்கப்பட்டது. கல்லறையிலும் பேராயத் தேர்தலிலும் சாதி இன்னும் பேசுகிறது. எண்ணிக்கை பெருகியதை மட்டும் வளர்ச்சி என்று எழுதும் சபை வரலாறுகள் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இன்னொரு மறுப்பு, நட்பே கருவியாகிவிடும் ஆபத்தைப் பற்றியது. ஞானஸ்நானத்தை மனதில் வைத்துப் பழகி, அது நடக்காது என்று தெரிந்ததும் விலகும் பழக்கத்தை மக்கள் எளிதில் கண்டுகொள்கிறார்கள். மதமாற்றத்தை எதிர்த்த காந்தியின் கேள்வி இதற்கு நெருக்கமானது: சேவைக்குப் பின்னால் வேறு நோக்கம் இருந்தால் அது சேவையா? இதற்குச் சொல்லால் மட்டும் பதில் தர முடியாது.

அசரியாவும் தோர்ணக்கலும்

வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874இல் வெள்ளாளன்விளையில் ஒரு கிராமப் போதகரின் மகனாகப் பிறந்தார். மேலே சொன்ன திருநெல்வேலி வரலாற்றின் பிள்ளை அவர். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராக 1902இல் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் செலவிலேயே பிற இடத்துக்கு ஊழியரை அனுப்புவதைக் கண்டார். அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கியது. அது தேர்ந்த களம் ஹைதராபாத் சமஸ்தானத்துத் தோர்ணக்கல். 1909இல் அசரியாவே அங்கே போனார், கூடாரத்தில் தங்கினார், தெலுங்கு கற்றார்.

1910 ஜூனில் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. 1,200 பேருக்கு மேற்பட்ட பிரதிநிதிகளில் ஆசியர் இருபதுக்கும் குறைவு. வெளிநாட்டாருக்கும் உள்நாட்டாருக்கும் இடையிலான ஒத்துழைப்பைப் பற்றிப் பேச அழைக்கப்பட்ட அசரியா, மிஷனரிகளின் தியாகத்தை நன்றியோடு ஏற்றுக்கொண்டார். பிறகு, அவர்கள் இந்திய உடன் ஊழியரை வீட்டுக்கு அழைப்பதில்லை, சமமாக உட்கார வைப்பதில்லை என்று நேராகச் சொன்னார். பொருளும் உயிரும் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களையும் தாருங்கள் என்பது அவர் வேண்டுகோளின் சாரம். அரங்கில் பலர் கோபப்பட்டார்கள். அந்த மாநாட்டின் பெரும் அறிக்கைகள் மறந்துபோன பின்னும் இந்தப் பேச்சு நிலைத்திருக்கிறது.

1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். தோர்ணக்கல் பேராயத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மாலா, மாதிகா சமூகத்து நிலமற்ற கூலிகள். அசரியாவும் மனைவி அன்பு மரியம்மாளும் மாட்டுவண்டியில் கிராமம் கிராமமாகப் போனார்கள். மக்கள் அவரைத் தெலுங்கில் தண்டிரிகாரு, அதாவது தந்தையார், என்றே அழைத்தார்கள். அழுக்கு, நோய், கடன், குடி ஆகிய நான்கையும் ஒழிக்க வேண்டிய பேய்கள் என்று அவர் பேசினார். ஞானஸ்நானம் பெறுகிறவர் தன் தலையில் தானே கைவைத்து, நற்செய்தியை அறிவிப்பது தன் கடமை என்று சொல்லும் வழக்கத்தை ஏற்படுத்தினார். எழுத்தறியாத கூலிக்காரரும் முதல் நாளிலிருந்தே சாட்சி. தெலுங்குப் பாடல்களும் கிராமத் திருவிழாக்களும் வழிபாட்டுக்குள் வந்தன. 1939இல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயம் திராவிடத் தூண்களையும் இஸ்லாமியக் கும்மட்டங்களையும் சேர்த்துக் கட்டப்பட்டது. பேராய உறுப்பினர் எண்ணிக்கை அவர் காலத்திலேயே 2 லட்சத்தைத் தாண்டியது.

எண்ணிக்கையைவிட வியப்பானது 1930களில் நடந்தது. கம்மா, ரெட்டி முதலிய நிலவுடைமைச் சாதியினரில் சிலர் கிறிஸ்தவராகத் தொடங்கினார்கள். காரணம் கேட்டபோது, தங்கள் வயலில் வேலை செய்யும் மாலா, மாதிகாக் கிறிஸ்தவர்களிடம் கண்ட மாற்றத்தையே பலர் சொன்னார்கள். குடியை விட்டவர், பொய் சொல்லாதவர், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியவர் என்று ஆள் ஆளாகக் காட்டினார்கள். பிக்கெட் 1938இல் எழுதிய இன்னொரு நூலில் இதைப் பதிவு செய்தார். உறவு சாதிக்குள்ளேதான் பாயும் என்ற கணக்கு இங்கே பொருந்தவில்லை. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவரிடம் நிலக்காரர் தன் விசுவாசத்துக்கான வழியைக் கேட்டார். அசரியா 1945 ஜனவரி 1இல் தோர்ணக்கலில் காலமானார். அவர் பல ஆண்டு உழைத்த சபை ஐக்கியம், 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபையாக நிறைவேறியது.