எண்ணப்பட்ட மணிகள்: மருத்துவப் பயிற்சியில் பணிநேர வரம்பும் மாணவர் மனநலமும் (1889–2024)

முதுநிலை மருத்துவ மாணவர்களின் மனச்சோர்வைப் பற்றிப் பேசும்போது டூட்டி நேரம்தான் முதலில் வருகிறது. ஆனால் அந்த நேரத்துக்கு வரம்பு கட்டிய வரலாற்றில் மாணவரின் மனம் மிகத் தாமதமாகவே கணக்கில் சேர்ந்தது.

பால்டிமோரில் 1889இல் திறக்கப்பட்ட ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அறுவைச் சிகிச்சைத் துறைக்கு வில்லியம் ஹால்ஸ்டட் வகுத்த முறையே இன்றைய முதுநிலைப் பயிற்சியின் முன்மாதிரி. பயிற்சி மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே குடியிருந்தார்கள். அவர்களுக்கு இரவு பகல் இல்லை. பயிற்சி எப்போது முடியும் என்பதும் ஆசிரியரின் கையில்தான் இருந்தது. அந்த ஹால்ஸ்டட், 1884இல் கொக்கெய்னின் மரத்துப்போகச் செய்யும் தன்மையைத் தம் உடலிலேயே சோதிக்கப் போய், அதற்கு அடிமையானவர். பின்னர் மார்ஃபினும் தொற்றிக்கொண்டது. சக பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் ரகசியமாக எழுதிவைத்த குறிப்பு 1969இல் வெளியான பிறகே மார்ஃபின் செய்தி பரவலாகத் தெரிந்தது. நிறுவியவரின் துன்பத்தையே இத்தனை காலம் மூடிவைத்த ஒரு மரபில், கீழே பயின்ற இளைஞர் “என்னால் முடியவில்லை” என்று சொல்லியிருக்க முடியுமா?

மாற்றம் ஒரு நோயாளியின் மரணத்தால் வந்தது. 1984இல் நியூயார்க்கில் 18 வயது மாணவி ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்த சில மணி நேரத்தில் இறந்தார். அவரைக் கவனித்தவர்கள் நெடுநேரம் ஓய்வின்றி உழைத்த பயிற்சி மருத்துவர்கள். பத்திரிகையாளரான தந்தை விடாமல் போராடினார். பெர்ட்ராண்ட் பெல் குழுவின் பரிந்துரைப்படி 1989இல் அம்மாநிலம் வாரத்துக்கு 80 மணி, தொடர்ந்தாற்போல் 24 மணி என்று வரம்பிட்டது. 2003இல் 80 மணி வரம்பு அமெரிக்கா முழுவதற்கும் வந்தது.

2011இல் முதலாண்டுப் பயிற்சியாளருக்குத் தொடர்பணி 16 மணியாகக் குறைந்தது. மனநலம் மேம்பட்டதா? ஸ்ரீஜன் சென் குழுவினர் 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி வாரப் பணி சராசரியாக 67 மணியிலிருந்து 64.3 மணிக்கு இறங்கியது. மனச்சோர்வு அறிகுறிகளில் குறிப்பிடத்தக்க மாற்றமில்லை. பெரும் தவறு இழைத்துவிட்டோம் என்று கவலைப்பட்டவர்களின் விகிதமோ 19.9இலிருந்து 23.3 விழுக்காட்டுக்கு ஏறியது. ஆளைக் கூட்டாமல் நேரத்தை மட்டும் சுருக்கினால் வேலை நெருக்கித் தள்ளும் என்றே இதை நான் வாசிக்கிறேன். 2017இல் 24 மணி திரும்ப வந்தது.

இந்தியாவில் மத்திய அரசின் 1992ஆம் ஆண்டு ஆணை இவற்றையெல்லாம்விடக் கனிவானது: வாரம் 48 மணி, ஒரு முறைக்குப் பெரும்பாலும் 12 மணிக்கு மேல் கூடாது. அது காகிதத்திலேயே தங்கிவிட்டது. 36 மணி நேர டூட்டி வழக்கமாயிற்று. 2024இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு மாணவர்களிடமே நேராகக் கேட்டது. 5,337 முதுநிலை மாணவர்கள் பதிலளித்தனர். தற்கொலை எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் 31.2 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். மாணவரின் மனம் ஒரு வழியாக இங்கே எண்ணிக்கைக்குள் வந்தது.

அக்குழு பரிந்துரைத்த வரம்பு வாரம் 74 மணி, வாரத்துக்கு ஒரு நாள் விடுமுறை. நடைமுறையை நோக்க இது முன்னேற்றம். 1992உடன் ஒப்பிட்டால் 26 மணி கூடுதல். இந்த வரம்பும் மீறப்பட்டால் புகார் சொல்ல வேண்டியவர் மாணவர். அவருடைய வருகைப் பதிவிலும் ஆய்வேட்டிலும் கையெழுத்திட வேண்டியவர், அந்த டூட்டியைப் போட்ட அதே துறையின் மூத்தவர்.