தோல்வியின் சாட்சி

1919இல் சாப்ளின் முதலிய கலைஞர்கள் தோற்றுவித்த யுனைடெட் ஆர்ட்டிஸ்ட்ஸ் நிறுவனத்தில் பிற்காலத்தே தயாரிப்புத் தலைவராய் விளங்கியவர் ஸ்டீவன் பாக் (1938–2009). மைக்கேல் சிமினோ இயக்கிய ‘ஹெவன்ஸ் கேட்’ (1980) திட்டமிட்ட செலவைப் பன்மடங்கு விஞ்சிப் படுதோல்வியுற்றது. பாக் பதவியிழந்தார், நிறுவனமும் 1981இல் எம்.ஜி.எம். வசமாயிற்று.

அவ்வீழ்ச்சியின் வரலாற்றை ‘ஃபைனல் கட்’ (1985) என்னும் நூலாக அவரே எழுதினார். செலவுக்கு இசைந்தோருள் தாமும் ஒருவர் என்பதை அதில் மறைத்தாரில்லை. பின்னர் நடிகை மார்லீன் டீட்ரிக் (1992), நாடகாசிரியர் மாஸ் ஹார்ட் (2001), இயக்குநர் லெனி ரீஃபன்ஸ்டால் (2007) ஆகியோரின் வாழ்க்கை வரலாறுகளைப் படைத்தார். ஹிட்லர் ஆட்சிக்குப் படமெடுத்த ரீஃபன்ஸ்டால், தம்மை அரசியலறியாக் கலைஞராகவே காட்டிக்கொண்டவர். அக்கூற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டு மறுத்தார் பாக். தம் பங்கை மறைக்காதவரே பிறர் மறைத்ததை வினவும் தகுதியுடையார்.