திண்ணையில் போட்ட கணக்கு

எங்க காரைக்கால் 1954 வரைக்கும் பிரெஞ்சுக்காரன் கையில இருந்த ஊர். ஆனா வயக்காட்டுக் கணக்கு அப்பவும் தமிழ்க் கணக்குதான். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி, 12 மரக்கால் ஒரு கலம். எங்க தாத்தா களத்துல நின்னபடியே எல்லாத்தையும் மனசுலயே போட்டுச் சொல்லிடுவார்.

அவர் படிச்சது திண்ணைப் பள்ளிக்கூடம். அங்கே எண்சுவடிதான் பாடம். மணல்ல விரலால எழுதி, வாய்விட்டுச் சொல்லணும். முழு எண் மட்டுமில்லைங்க. வீசம் (1/16), மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) வரைக்கும் மனப்பாடம். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை முன்னால சொல்ல, மத்த பிள்ளைங்க திருப்பிச் சொல்லும்.

1789-ல் எழும்பூர் ராணுவ அநாதை விடுதிப் பள்ளிக்கு வந்த ஆண்ட்ரூ பெல், நம்ம பிள்ளைங்க மணல்ல எழுதிப் படிக்கறதைப் பார்த்தார். மணல் எழுத்தையும், பிள்ளையே பிள்ளைக்குச் சொல்லித்தர்றதையும் தன் பள்ளியில செஞ்சு பார்த்து, 1797-ல் லண்டன்ல புத்தகமா போட்டார். இங்கிலாந்துல அதுக்கு 'மெட்ராஸ் முறை'ன்னே பேரு.

இதோட பெருமைப்பட்டு நிறுத்திக்கலாம். ஆனா அந்தத் திண்ணையில ஏற முடிஞ்சது யாரு? சேரிப் பிள்ளைங்களுக்கு இடமில்லை, பெண் பிள்ளைங்களுக்கும் பெரும்பாலும் இல்லை. களத்துல மரக்கால்ல கூலி நெல் வாங்க நின்னவங்க தாத்தா சொன்ன கணக்கை மறுத்துக் கேட்க முடியாது. திண்ணைக்குள்ளயும் அப்படித்தான். விடை தப்பினா பிரம்பு. எப்படி யோசிச்சேன்னு கேட்கற வழக்கம் இல்லை.

இப்ப என் மக படிக்கற ஆரம்பப் பள்ளியில டீச்சர் அதைத்தான் முதல்ல கேட்கறாங்க. விடையைப் பலகையில எழுதிட்டு, "நீ எப்படிப் போட்டே?"ன்னு ஒவ்வொருத்தரா சொல்ல வைக்கறாங்க. தப்பா போட்ட பிள்ளையும் சொல்லணும், மத்தவங்க கேட்டுத் திருத்தணும்.

போன வாரம் மகளும் அவ சிநேகிதியும் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க. அந்தப் பொண்ணோட அம்மா எங்க வயல்ல நடவுக்கு வர்றவங்க. தாத்தா கணக்கு ஒண்ணு போட்டேன்: 38 கலம் எத்தனை மரக்கால்?

மக, "முப்பத்தெட்டுப் பத்து 380, ரெண்டு முப்பத்தெட்டு 76"ன்னு விரலை மடக்கிட்டிருந்தா. நான் அவசரப்பட்டு "454"ன்னுட்டேன்.

"இல்ல மாமா, 456"ன்னா அந்தப் பொண்ணு. "40 கலம்னா 480. ரெண்டு கலம் கம்மி, அதுக்கு 24 போச்சு."

காகிதம் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். அவ சொன்னதுதான் சரி.