உப்பிப்போன டப்பா

ஓசூர்க்காரர்களுக்கு எல்லாவற்றிலும் இரண்டு ஊர் உண்டு. ரேஷன் கார்டுக்கும் ஓட்டுக்கும் தமிழ்நாடு. கல்யாணப் புடவைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் பெங்களூர். கம்ப்யூட்டரும் அப்படித்தான் வந்தது. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் 300 கிலோமீட்டருக்கு மேல். பெங்களூர் எஸ்.பி. ரோடு சுமார் 40 கிலோமீட்டர். எனவே 2000-க்குப் பிந்தைய வருடங்களில் வீட்டுக்கு 'அசெம்பிள்டு' கம்ப்யூட்டர் என்றால், மதர்போர்டு ஒரு கடை, ராம் ஒரு கடை, கேபினட் ஒரு கடை என்று பொறுக்கி, பஸ்ஸில் மடியில் வைத்து அத்திப்பள்ளி, ஜூஜூவாடி தாண்டிக் கொண்டுவருவதுதான் சிக்கனமான வழி. கன்னடத்தில் பேரம் பேசி வாங்கி, தெலுங்கில் ரிப்பேர் செய்து, தமிழில் திட்டுவதற்கு இந்தியாவிலேயே தோதான ஊர் ஓசூர்.

திட்டுவதற்குக் காரணம் இருந்தது. வாங்கி ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்தில் பெட்டி மந்தமாகிவிடும். பையனின் புராஜெக்ட்டை பாதி டைப் அடித்திருக்கும்போது திரை நீலமாகும். அல்லது எந்தச் சொல்லும் இல்லாமல் அணைந்து, தானே மறுபடி எழுந்திருக்கும். மெக்கானிக் வருவார். ஒரு நிமிஷம் பார்ப்பார். 'வைரஸ் சார். ஃபார்மட் பண்ணிடலாம்' என்பார்.

தமிழ்நாட்டின் கம்ப்யூட்டர் சரித்திரத்தில் மிக அதிகமாக எழுதித்தரப்பட்ட மருந்துச்சீட்டு இதுதான் என்று நினைக்கிறேன். காய்ச்சலோ, கால் வலியோ, மொட்டை அடி! ஃபார்மட்டில் வைரஸ் போகும். கூடவே தாத்தா சாவதற்கு முன் எடுத்த போட்டோவும், மூன்று வருஷக் கடைக் கணக்கும் போகும். இரண்டு வாரத்தில் பெட்டி மறுபடி அணையும். மறுபடி ஃபார்மட்.

மெக்கானிக்கை முழுக்கக் குற்றம் சொல்ல முடியாது. வைரஸ் பயம் நியாயமானதாகவே இருந்தது. 2003 ஆகஸ்ட் 11-ம் தேதி 'பிளாஸ்டர்' என்ற புழு கிளம்பியது. அதற்கு ஈமெயில் வேண்டாம், நீங்கள் எதையும் திறந்து பார்க்கவும் வேண்டாம். இன்டர்நெட்டில் இருந்தாலே போதும். பாதிக்கப்பட்ட விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ஒரு சின்னப் பெட்டி தோன்றி 60 விநாடி கவுண்ட்-டவுன் ஓடும். பிறகு கம்ப்யூட்டர் அணைந்து எழும். இதில் வேடிக்கை, மைக்ரோசாஃப்ட் அந்த ஓட்டைக்கு ஒட்டுப்போடும் பேட்ச்சை ஜூலை 16-ம் தேதியே வெளியிட்டிருந்தது. போட்டவர்கள் தப்பினார்கள். போடாதவர்கள் ஃபார்மட் செய்து, பழைய சி.டி.யிலிருந்து அதே ஓட்டையுள்ள எக்ஸ்.பி.யை ஏற்றி, நெட்டில் நுழைந்தார்கள். சில நிமிஷங்களில் புழுவும் நுழைந்தது.

ஆனால், பிளாஸ்டர் சொல்லிவிட்டு அணைக்கும். சொல்லாமல் அணைந்த பெட்டிகளும் ஏராளமாக இருந்தனவே, அவை?

அந்தக் குற்றவாளி கேபினட்டுக்குள் நின்றுகொண்டிருந்தான். சுண்டுவிரல் நுனி உயரத்தில், அலுமினிய உருளையாக, பிராசஸரைச் சுற்றி வரிசையாக. கெப்பாசிட்டர். ஃபேன் ரிப்பேர்காரர் 'கண்டென்சர்' என்பாரே, அதன் தூரத்துச் சொந்தம்.

அதன் வேலை நம் வீட்டு மொட்டை மாடி டேங்க் செய்வதுதான். தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும் குழாயில் சீராக விழவைப்பது. அன்றைய பென்டியம் 4 சுமார் ஒன்றரை வோல்ட்டில் வேலை செய்தது. வோல்ட் குறைவு என்று அலட்சியமாகப் பார்க்காதீர்கள். உச்சத்தில் 50 ஆம்பியரையும் குடிக்கும். உங்கள் வீட்டு இஸ்திரிப்பெட்டி குடிப்பது நாலைந்து ஆம்பியர்தான். இந்த வெள்ளத்தை ஒரு சொட்டு கூடாமல் குறையாமல் தர வேண்டும். கொஞ்சம் தளும்பினாலும் பிராசஸர் கணக்கில் தப்புவிடும். தப்புவிட்டால் நீலத்திரை.

கெப்பாசிட்டருக்குள் இரண்டு அலுமினியத் தகடுகள், நடுவே ஒரு காகிதம், காகிதத்தை நனைத்துக்கொண்டு எலக்ட்ரோலைட் என்ற திரவம். 1990-களின் கடைசியில் ஜப்பானியர்கள் அந்தத் திரவத்தில் தண்ணீரை அதிகமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மின்தடை குறைந்தது, வேகமான கம்ப்யூட்டர்களுக்கு அதுதான் தேவை. விலையும் மலிவு. ஒரே ஒரு சிக்கல்: தண்ணீர் அலுமினியத்தை அரித்து ஹைட்ரஜன் வாயுவை உண்டாக்கும். அதைத் தடுக்கத் திரவத்தில் சில ரசாயனங்களை அளவோடு சேர்க்க வேண்டும். அந்த அளவுதான் தொழில் ரகசியம்.

இங்கே கதை ஜேம்ஸ்பாண்ட் படமாகிறது. 2002-ல் எலக்ட்ரானிக்ஸ் தொழில் பத்திரிகைகளிலும், அடுத்த வருஷம் அமெரிக்கப் பொறியாளர்களின் 'ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம்' இதழிலும் வந்த செய்தி இது. ஜப்பானின் ரூபிகான் கம்பெனியை விட்டு ஒரு விஞ்ஞானி சீனாவில் ஒரு கம்பெனிக்குப் போனார். அங்கே எலக்ட்ரோலைட் ஃபார்முலாவைப் போலவே ஒன்று தயாரித்தார். அவருடன் வேலை பார்த்தவர்கள் அதை எடுத்துக்கொண்டு தைவானுக்குத் தாவினார்கள். எடுத்தது முழு ஃபார்முலா அல்ல. சேர்க்க வேண்டிய ரசாயனம் விடுபட்டிருந்தது. இந்தக் கதை கடைசிவரை நிரூபணமாகவில்லை. ஆனால் செத்துப்போன கெப்பாசிட்டர்களின் திரவத்தில் இருக்க வேண்டியது இல்லை என்பது பிறகு ஆய்வுகளில் தெரிந்தது.

பாட்டி செய்த ஊறுகாயை ருசி பார்த்துவிட்டுப் போய் அதேபோலப் போட்ட பக்கத்து வீட்டுக்காரி, எண்ணெய் எவ்வளவு என்று கேட்க மறந்த கதை. முதல் வாரம் ருசியில் வித்தியாசம் தெரியாது. மாசம் போனால் பூஞ்சை.

அப்படித்தான் ஆயிற்று. தொழிற்சாலைச் சோதனையில் தேறி, மதர்போர்டில் ஏறி, உலகெங்கும் கப்பலில் போய், வீட்டில் சில மாதங்கள் ஒழுங்காக வேலை செய்து, பிறகு உள்ளே வாயு சேர்ந்து தலை உப்பியது. வெடிக்காமல் வாயு வெளியேறட்டும் என்று கெப்பாசிட்டரின் தலையில் கூட்டல் குறி மாதிரி கீறல் இருக்கும். அந்தக் கீறல் பிளந்து பழுப்பு நிறத்தில் கசிந்தது. கேபினட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தால் யாருக்கும் தெரியும். பிரச்னை, யாரும் திறக்கவில்லை. கேபினட்டைத் துணி போட்டுப் போர்த்தித்தான் வைத்திருந்தோம்.

துணி இன்னொரு பாவம். நல்ல கெப்பாசிட்டருக்கே 105 டிகிரி சூட்டில் 2,000 மணி நேரம் என்பது போல ஆயுள் குறித்திருப்பார்கள். 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும். 65 டிகிரியில் வைத்தால் 32,000 மணி. தினம் எட்டு மணி நேரம் ஓட்டினால் பத்து வருஷத்துக்கு மேல். கிருஷ்ணகிரி வெயிலில், தூசி அடைத்த ஃபேனுடன், போர்வையும் போர்த்தினால் இந்தக் கணக்கு தலைகீழ். சூடு அதிகமானால் பென்டியம் 4 தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். வீட்டில் 'வைரஸால் ஸ்லோ ஆயிடுச்சு' என்பார்கள்.

இதெல்லாம் ஏமாந்த சோணகிரிகளுக்கு, பிராண்டட் வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைத்தவர்களும் தப்பவில்லை. 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் கம்பெனி விற்ற கம்ப்யூட்டர்களில் குறைந்தது ஒரு கோடியே 18 லட்சம் பெட்டிகளில் பழுதாகக்கூடிய பாகங்கள் இருந்தன என்பது, பின்னால் ஒரு வழக்கில் வெளிவந்த ஆவணங்களால் 2010-ல் தெரிந்தது. அதற்காக அந்தக் கம்பெனி 30 கோடி டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகக் கணிதத் துறையில் பெட்டிகள் சாகத் தொடங்கியபோது சொல்லப்பட்ட காரணத்தைக் கேளுங்கள்: ரொம்பக் கடினமான கணக்குகளைப் போடச்சொல்லி மெஷினைக் களைப்படைய வைத்துவிட்டீர்களாம்! நம் ஊர் மெக்கானிக்கின் 'வைரஸ் சார்' எவ்வளவோ தேவலை. இன்னொன்று: டெல்லில் இருந்தவை திருட்டு ஃபார்முலா கெப்பாசிட்டர்கள் அல்ல; நிச்சிகான் என்ற பெயர்பெற்ற ஜப்பானியக் கம்பெனியின் சரக்கு. கோளாறு வேறு, முடிவு அதே. ஆக, ஊர்ப் பெயரைப் பார்த்துத் தரம் சொல்வதும் ஒரு வகை ஃபார்மட்தான்.

இப்போது ஓசூருக்குத் திரும்புவோம். கெப்பாசிட்டர் செய்தி வெளியான அதே 2002-ல் ஓசூருக்கு ஜப்பானிலிருந்து ஒரு நல்ல செய்தி வந்தது. தொழில்தரத்துக்கான டெமிங் பரிசு டி.வி.எஸ். மோட்டார் கம்பெனிக்குக் கிடைத்தது. உலகில் எந்த இரு சக்கர வாகனக் கம்பெனியும் அதற்குமுன் அதை வாங்கியதில்லை. 1950-ல் ஜப்பானுக்குப் போய்த் தரக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பாடம் நடத்திய அமெரிக்கர் எட்வர்ட்ஸ் டெமிங் பெயரில் அமைந்த பரிசு.

இந்த மாதிரி தொழிற்சாலைகளில் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுப்பார்கள். டொயோட்டாவில் பிரபலமானது. ஏதாவது பழுதானால் ஐந்து முறை 'ஏன்' கேள். கம்ப்யூட்டருக்குக் கேட்டுப் பாருங்கள். ஏன் அணைந்தது? பிராசஸருக்கு மின்சாரம் தளும்பியது. ஏன்? கெப்பாசிட்டர் உப்பியது. ஏன்? உள்ளே வாயு. ஏன்? திரவத்தில் சரக்கு குறைவு. ஏன்? ஃபார்முலாவை எடுத்தவனுக்கு அது எதற்கு என்று தெரியவில்லை. ஐந்தாவது 'ஏன்'னில் ஆசியாவின் பாதியைச் சுற்றி வந்துவிட்டோம். முதல் 'ஏன்'னிலேயே நின்றால் ஃபார்மட்.

ஆக, ஜப்பானிலிருந்து ஒரே காலத்தில் இரண்டு விஷயங்கள் புறப்பட்டன. ஒன்றைப் புரிந்துகொள்ளாமல் எடுத்துப்போனார்கள். அது லட்சக்கணக்கான வீடுகளில் உப்பியது. இன்னொன்றைப் பல வருஷம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். அது ஓசூரில் பரிசு வாங்கியது. வருத்தம் என்னவென்றால், பகல் ஷிஃப்டில் ஐந்து 'ஏன்' கேட்டவர், சாயங்காலம் வீட்டுக்கு வந்து, பெட்டி நின்றுபோனதும், 'ஃபார்மட் பண்ணிடு தம்பி' என்றார். தொழிற்சாலை வாசலோடு கேள்வியையும் கார்டு பஞ்ச் பண்ணி வைத்துவிட்டு வந்துவிடுகிறோம்.

கேள்வி இன்றைக்கும் அதேதான். வீட்டுப் பெட்டியோ லேப்டாப்போ படுத்தினால் முதலில் ஒரு நகல். போட்டோ, கணக்கு எல்லாவற்றையும் வேறு டிரைவில். பிறகுதான் வைத்தியம். மந்தம் வேறு, மயக்கம் வேறு என்று பிரித்துக்கொள்ளுங்கள். மந்தம் என்றால் ராம் போதவில்லையா, டிஸ்க் நிரம்பிவிட்டதா, பின்னணியில் என்னென்ன ஓடுகின்றன, சூடா என்று பாருங்கள். 2001-ல் எக்ஸ்.பி. 64 எம்.பி. ராமிலேயே ஓடும் என்றார்கள், ஓடியது, நொண்டிக்கொண்டு. ராம் போதாதபோது கம்ப்யூட்டர் ஹார்ட் டிஸ்க்கை ராமாக நினைத்துக்கொள்ளும். டிஸ்க் விளக்கு விடாமல் மினுக்கும். மயக்கம் என்றால் மின்சாரம், சூடு, ராம், டிஸ்க், கெப்பாசிட்டர் என்று ஒவ்வொன்றாக. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்தைச் சேர்த்து மாற்றினால் சரியாகலாம். எதனால் சரியானது என்று தெரியாது. தேதி பின்னோக்கிப் போகிறதா? மதர்போர்டில் உள்ள காசு அளவு பேட்டரி தீர்ந்திருக்கும். அது ஓட்டும் கடிகாரத்தில் விநாடிக்கு 32,768 தடவை துடிக்கும் குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. டைட்டன் ஓசூரில் செய்யும் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்துக்கும் அதே துடிப்புதான்.

காலம் சக்கரம் சுற்றியிருக்கிறது. எஸ்.பி. ரோட்டிலிருந்து பெட்டி சுமந்துவந்த இதே மாவட்டத்தில், குருபரப்பள்ளியில் தைவானின் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை நடத்துகிறது. கம்ப்யூட்டர்களுக்கு மின்சாரம் ஊட்டும் பவர் சப்ளைகளில் உலகப் பெயர் வாங்கிய கம்பெனி. ஓசூர் பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்கள் செய்கிறது. அங்கே வேலை பார்ப்பவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். பெரிய தொழிற்சாலை வந்தது பற்றி எல்லோரும் பேசுகிறோம், நல்லது. ஆனால் அந்தப் பெண்ணிடம் 'இந்தத் திருகை இவ்வளவு முறுக்கு' என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிறார்களா, அல்லது ஏன் அவ்வளவு என்றும் சொல்கிறார்களா என்பதுதான் முக்கியம். 'ஏன்' தெரியாமல் செய்தாலும் பொருள் சோதனையில் தேறிவிடும். பதினெட்டாவது மாதம், எங்கோ ஒரு வீட்டில், யாரோ ஒரு பையன் பரீட்சைக்கு முந்தின நாள் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.